பத்துப் பேர் பாஸ் – எத்தனை பேரில்?



உயர்தரப் பெறுபேறு வந்தால் எங்கள் ஊர்களில் இரண்டு வகையான பேனர் ஏறும். ஒன்று பாடசாலை வாசலில்: யார் யாருக்கு மூன்று ஏ என்று. மற்றது மெயின் வீதிச் சந்தியில்: எந்த நிறுவனத்தில் சேர்ந்தால் பிள்ளை என்ன ஆகலாம் என்று. இந்த இரண்டாவது வகையில் கொஞ்சக் காலமாகச் சட்டப் படிப்பும் சேர்ந்துகொண்டது. கறுப்புக் கோட் போட்ட ஒரு பிள்ளையின் படம், பின்னால் ஒரு தராசு, கீழே கொட்டை எழுத்தில் "எங்கள் மாணவர்கள் 10 பேர் பாஸ்".

இந்தப் பதிவு அந்தக் கடைசி வரியைப் பற்றியது. நீளமான பதிவுதான். ஆனால் பல இலட்சம் ரூபாய் கட்டப்போகும் பெற்றோர் பத்து நிமிடம் ஒதுக்கி வாசிக்கலாம். உம்மாவின் நகை அடகுக்குப் போவதற்கு முன்னால், வாப்பா சவூதியிலும் கட்டாரிலும் உழைத்து அனுப்பிய காசு கைமாறுவதற்கு முன்னால் வாசித்துவிடுங்கள்.

நான் சொல்ல வருவது இதுதான்: பரீட்சையில் எத்தனை பேர் பாஸ் என்ற ஒற்றை எண்ணை வைத்துச் சட்டம் படிக்கும் இடத்தைத் தெரிவு செய்வது ஏமாறுவதற்கான மிக இலகுவான வழி. அந்த எண் பொய்யாக இருக்க வேண்டும் என்றில்லை. உண்மையான எண்ணை வைத்தே ஏமாற்றலாம். கணக்குப் பாடம் ஒழுங்காகப் படித்த எவருக்கும் இது விளங்கும்.

முதலில் கணக்கு.

"10 பேர் பாஸ்" என்பது ஒரு பின்னத்தின் மேல் பகுதி மாத்திரம். கீழே என்ன இருக்கிறது? 12இல் 10 ஆ, 200இல் 10 ஆ? ஆறாம் வகுப்புப் பிள்ளை கீழ்ப் பகுதி இல்லாமல் பின்னம் எழுதினால் நாங்கள் பிழை போடுகிறோம். அதே பிழை சந்தியில் பெரிதாகத் தொங்கும்போது "மாஷா அல்லாஹ்" போட்டு வட்ஸ்அப் குழுக்களில் பகிர்கிறோம்.

சரி, சில நிறுவனங்கள் கீழ்ப் பகுதியையும் சொல்கின்றன: "80 வீதம் சித்தி". அது போதுமா? ஓர் உதாரணம் தருகிறேன். எண்கள் என் கற்பனை, கணக்கு உண்மையானது.

முதலாவது நிறுவனத்தில் 150 பேர் பதிகிறார்கள். கட்டணம் தாங்காமலும் ஆங்கிலம் விளங்காமலும் பாதி வழியில் பலர் நின்றுவிடுகிறார்கள். கடைசி வருடத்தில் 60 பேர் இருக்கிறார்கள். அவர்களில் பரீட்சைக்கு உட்காருபவர்கள் 25 பேர். பாஸ் 20 பேர். பேனர் சொல்கிறது: 80 வீதம்.

இரண்டாவது நிறுவனத்தில் 30 பேர் பதிகிறார்கள். 28 பேர் படிப்பை முடிக்கிறார்கள். 24 பேர் பரீட்சைக்கு உட்காருகிறார்கள். பாஸ் 15 பேர். பேனர் சொன்னால் 62 வீதம் என்றுதான் சொல்லும்.

80 பெரிதா, 62 பெரிதா? எல்லோரும் 80 என்பார்கள். ஆனால் பதிந்த பிள்ளைகளை வைத்துப் பாருங்கள். முதலாவது இடத்தில் 150 பேரில் 20 பேர். அதாவது நூற்றுக்குப் பதின்மூன்று. இரண்டாவது இடத்தில் 30 பேரில் 15 பேர், சரிபாதி. உங்கள் பிள்ளை பதிகின்ற பிள்ளை. கடைசி வருடத்தில் மிஞ்சிய பிள்ளையாகவே அவன் உள்ளே போவதில்லை. ஆகவே உங்களுக்குரிய எண் பதின்மூன்றும் ஐம்பதும்தான். அந்த எண்ணை எந்தப் பேனரும் எழுதுவதில்லை.

இடையில் நின்ற எல்லோரும் தோற்றவர்கள் அல்ல என்று சிலர் சொல்வார்கள். உண்மை. ஒருவர் அரச பல்கலைக்கழகம் கிடைத்துப் போயிருக்கலாம், இன்னொருவர் ஆசிரியர் நியமனம் கிடைத்துப் போயிருக்கலாம். அப்படியென்றால் அதைச் சொல்லுங்கள். எத்தனை பேர் ஏன் போனார்கள் என்று தெரியாத நிறுவனம் தன் மாணவர்களைக் கவனிக்கவில்லை. தெரிந்தும் சொல்லாத நிறுவனம் எதையோ மறைக்கிறது. இரண்டுமே நல்லதல்ல.

இன்னும் இரண்டு தந்திரங்கள் உண்டு. ஒரே பிள்ளை மூன்று இடங்களில் வகுப்புக்குப் போயிருப்பாள்; மூன்று இடத்துப் பேனரிலும் அவளின் படம் இருக்கும். அடுத்தது, "இதுவரை 100 பேர்" என்பார்கள். எத்தனை வருடத்தில், எத்தனையாவது தடவையில் என்று சொல்ல மாட்டார்கள். முதல் தடவையில் பாஸ் பண்ணுவதும் நாலாவது தடவையில் பாஸ் பண்ணுவதும் ஒரு குடும்பத்தின் செலவுக் கணக்கில் ஒன்றல்ல.

அடுத்தது, எந்தப் பரீட்சை?

இங்கேதான் எங்கள் ஊர்ப் பெற்றோர் அதிகம் தடுமாறுகிறார்கள். "பாஸ்" என்ற ஒரு சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு பரீட்சைகளைப் போட்டுக் கலக்கிவிடுகிறார்கள்.

ஒன்று, இலங்கைச் சட்டக் கல்லூரியின் அனுமதிப் பரீட்சை. இரண்டு, ஒரு பல்கலைக்கழகத்தின் எல்.எல்.பி. பட்டப் பரீட்சை. மூன்று, சட்டக் கல்லூரிக்குள் போன பிறகு எழுதும் ஆரம்ப, இடைநிலை, இறுதி வருடப் பரீட்சைகள்.

இந்த நாட்டில் ஒருவர் சட்டத்தரணியாக வருவதற்கு வாசல் ஒன்றுதான். அது கொழும்பு புதுக்கடையில் இருக்கும் சட்டக் கல்லூரி. 1874இல் தொடங்கியது, சட்டக் கல்விப் பேரவையின் கீழ் இயங்குவது. கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம், திறந்த பல்கலைக்கழகம் என்று எங்கே எல்.எல்.பி. முடித்தாலும், பட்டம் மட்டும் வைத்துக்கொண்டு நீதிமன்றத்தில் எழும்பி நிற்க முடியாது. சட்டக் கல்லூரியில் பதிய வேண்டும், அதன் பரீட்சைகளை எழுத வேண்டும், ஒரு மூத்த சட்டத்தரணியின் கீழ் ஆறு மாதம் பயிற்சி பெற வேண்டும், கடைசியில் உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்ய வேண்டும். 1978ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க நீதித்துறைச் சட்டத்தின்படி ஒருவரைச் சட்டத்தரணியாக அனுமதித்துப் பதிவது உயர் நீதிமன்றம்தான்.

ஆகவே "எங்களிடம் படித்தால் சட்டத்தரணி" என்று எந்தத் தனியார் நிறுவனமும் சொல்ல முடியாது. அவர்களால் தர முடிந்தது ஒரு பட்டம், அல்லது ஒரு பரீட்சைக்கான வகுப்பு. அந்தப் பட்டம் சட்டக் கல்லூரியின் வாசலில் எந்த வகையில் எடுக்கப்படும் என்பதை நிறுவனம் முடிவு செய்வதில்லை. இந்த விதிகள் காலத்துக்குக் காலம் மாறுபவை. முன்மேசையில் இருக்கும் தங்கச்சி சிரித்துக்கொண்டு தரும் வாய்மொழி உறுதிக்குப் பெறுமதி கிடையாது.

"யூ.ஜி.சி. அங்கீகாரம்" என்ற முத்திரையையும் இதோடு குழப்பக் கூடாது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தை ஏற்றுக்கொள்வது ஒரு விடயம். சட்டக் கல்விப் பேரவை அந்தப் பட்டதாரியை உள்ளே எடுப்பது இன்னொரு விடயம். இரண்டும் இரண்டு அமைப்புகள். ஒன்றின் கடிதத்தைக் காட்டி மற்றதன் கதவைத் திறக்க முடியாது. மூன்று வருடமும் முழுக் கட்டணமும் போன பிறகு இது தெரியவரும் குடும்பத்தின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

மூன்றாவது, யாரை எடுத்துப் பாஸ் பண்ண வைத்தார்கள்?

இதை ஆசிரியர்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் முடிந்ததும் என்ன நடக்கிறது? சின்னப் பாடசாலைகளில் வெட்டுப்புள்ளிக்கு மேல் எடுத்த பிள்ளைகள் பெரிய பாடசாலைகளுக்குப் போகிறார்கள். ஆறு வருடம் கழித்து சாதாரண தரத்தில் பெரிய பாடசாலைக்கு ஒன்பது ஏ மழையாகப் பொழிகிறது. "பார்த்தீர்களா, அந்த ஸ்கூலின் தரத்தை!" என்கிறோம். அரைவாசித் தரம் வாசலிலேயே தெரிவு செய்யப்பட்டு வந்தது என்பதை மறந்துவிடுகிறோம். அதேநேரம் தோட்டுப்பாய் வீட்டிலிருந்து வந்த பிள்ளையை எழுதப்படிக்க வைத்து ஆறு பாடம் சித்தியடைய வைத்த சின்னப் பாடசாலை ஆசிரியருக்குப் பேனர் இல்லை.

சட்டப் படிப்பிலும் இதே கதைதான். இஸட் புள்ளியில் நாட்டின் மேல்மட்டத்தில் நிற்கும் பிள்ளைகளை எடுக்கும் ஒரு பீடத்தின் பிள்ளைகள் பிறகு பரீட்சைகளில் நன்றாகச் செய்வது ஆச்சரியமில்லை. அங்கே கற்பித்தல் மோசம் என்று நான் சொல்லவில்லை. எண்ணை மட்டும் பார்த்தால் கற்பித்தல் எவ்வளவு, தெரிவு எவ்வளவு என்று பிரிக்க முடியாது என்கிறேன். கலைப்பிரிவில் இரண்டு சி, ஓர் எஸ் எடுத்த பிள்ளையைச் சேர்த்து, ஆங்கிலம் கற்பித்து, மூன்றில் ஒருவரை உள்ளே அனுப்பிய இடம், மூன்று ஏ எடுத்தவர்களை மாத்திரம் சேர்த்து மூன்றில் இரண்டு பேரை அனுப்பிய இடத்தை விட நன்றாகக் கற்பித்திருக்கலாம். உங்கள் பிள்ளை எந்த வகை என்பதைப் பார்த்து, அந்த வகைப் பிள்ளைக்கு அங்கே என்ன நடந்தது என்று கேட்க வேண்டும்.

அமெரிக்காவில் எப்படி?

"எண்ணைக் கேட்டால் யார் தருவார்கள் சேர்?" என்று கேட்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். அமெரிக்காவில் சட்டக் கல்லூரி முடித்தவர்கள் அந்தந்த மாநிலத்தில் ஒரு தகுதிப் பரீட்சை எழுதுகிறார்கள். அங்கீகாரம் வழங்கும் அமெரிக்கச் சட்டத்தரணிகள் சங்கத்திடம் ஒரு விதி இருக்கிறது. ஒரு கல்லூரியில் பட்டம் பெற்று அந்தப் பரீட்சைக்கு உட்கார்ந்தவர்களில் குறைந்தது 75 வீதமானவர்கள் இரண்டு வருடத்துக்குள் சித்தியடைய வேண்டும். 2019இல் இந்த விதியை இறுக்கினார்கள். எத்தனை பேரைச் சேர்த்தோம், எத்தனை பேர் இடையில் போனார்கள், கட்டணம் எவ்வளவு, படித்தவர்களுக்கு என்ன வேலை கிடைத்தது என்பதையெல்லாம் கல்லூரிகள் ஒவ்வொரு வருடமும் பகிரங்கமாக வெளியிட வேண்டும். கல்லூரிகள் வெட்கப்பட்டாலும் வெளியிடத்தான் வேண்டும்.

அங்கேயும் ஓட்டை இருக்கிறது. கணக்கில் வருபவர்கள் பரீட்சைக்கு உட்கார்ந்தவர்கள்தான். பலவீனமான பிள்ளைகளை முதல் வருடத்திலேயே கழித்துவிட்டால் வீதம் தானாக ஏறும். மாநிலத்துக்கு மாநிலம் வெட்டுப்புள்ளியும் வேறு. கலிபோர்னியாவில் வெட்டுப்புள்ளி உயரமாக இருந்து 2020இல்தான் 1440இலிருந்து 1390க்கு இறக்கப்பட்டது. விஸ்கொன்சின் மாநிலத்தில் அந்த மாநிலத்தின் இரண்டு சட்டக் கல்லூரிகளில் பட்டம் பெற்றவர்கள் அந்தப் பரீட்சையே எழுதாமல் சட்டத்தரணி ஆகலாம். அந்தக் கல்லூரிகளை வீதத்தால் எப்படி அளப்பது?

அவ்வளவு விபரம் வெளியிடும் நாட்டிலேயே ஒற்றை எண்ணை நம்பக் கூடாது என்றால், எதுவும் வெளியிடாத எங்கள் நாட்டில் சந்திப் பேனரை நம்பலாமா?

நாலாவது, மொழி. இது எங்கள் பிள்ளைகளின் தலையில் விழும் அடி.

எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் தமிழ் மொழிமூலம் படித்தவர்கள். 2020 டிசம்பர் 30ஆம் திகதி வந்த விசேட வர்த்தமானியில், சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மாத்திரம் நடத்துவதற்கான விதிகள் வெளியாகின. 2023 மார்ச் மாதம் அந்த விதிகள் பாராளுமன்றத்துக்கு வந்தபோது தோற்கடிக்கப்பட்டன. அன்றைக்கு எங்கள் ஆட்கள் பட்டாசு கொளுத்தாத குறை. எனக்கும் சந்தோஷம்தான். உழைக்கும் வீட்டுப் பிள்ளையை மொழியை வைத்து வெளியே தள்ளுவது அநியாயம்.

ஆனால் வாக்கெடுப்பில் வென்றதால் பிரச்சினை தீர்ந்துவிட்டதா? அரசியலமைப்பின்படி சிங்களமும் தமிழும் நீதிமன்ற மொழிகள். நடைமுறையில் வடக்கு கிழக்கின் நீதிமன்றங்களில் தமிழில் வாதாடலாம். கண்டியிலோ குருநாகலிலோ புத்தளத்திலோ சிங்களம் வேண்டும். மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கும் உயர் நீதிமன்றத்துக்கும் போனால் ஆங்கிலம் வேண்டும். தீர்ப்பறிக்கைகளும் பாடநூல்களும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. மூன்று மொழிக்கும் ஆயத்தமில்லாத பிள்ளை எப்படியோ பாஸ் பண்ணிக் கோட் போட்டாலும், பிறகு இன்னொருவருக்குத் தவணை கேட்டுக் கொடுக்கும் ஆளாகவே இருந்துவிடும் ஆபத்து இருக்கிறது.

ஆகவே நிறுவனத்திடம் முதலில் கேட்க வேண்டியது: "என் மகள் தமிழ் மொழிமூலம். நீங்கள் அவளுக்கு மொழிக்காக என்ன செய்வீர்கள்? யார் கற்பிப்பார்? கிழமைக்கு எத்தனை மணித்தியாலம்?" "அதெல்லாம் போகப் போக வந்துடும்" என்று பதில் வந்தால் பைலை எடுத்துக்கொண்டு எழும்பி வந்துவிடுங்கள். போகப் போக வராது. நான் வகுப்பறையில் நிற்பவன். எது தானாக வரும், எது வராது என்று எனக்குத் தெரியும்.

இனி அடிப்படைக் கேள்விக்கு வருவோம். எதற்காகப் பிள்ளையைச் சட்டம் படிக்க வைக்கிறோம்?

அறிஞர் சித்திலெப்பை ஒரு வழக்கறிஞர். 1882இல் 'முஸ்லிம் நேசன்' தொடங்கியவர். எங்கள் பிள்ளைகள் ஆங்கிலமும் நவீன கல்வியும் படிக்க வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசி ஏச்சு வாங்கியவர். 1905இல் வழக்கறிஞர் எம்.சி. அப்துல் காதர் துருக்கித் தொப்பியோடு நீதிமன்றம் போனார். கழற்று என்றார்கள். அதற்காகச் சமூகமே திரண்டு எழுந்த கதை எங்களுக்குத் தெரியும். இவர்களை நாங்கள் நினைவில் வைத்திருப்பது அவர்கள் எத்தனை புள்ளி எடுத்தார்கள் என்பதற்காக அல்ல. யாருக்காக, எதற்காக எழும்பி நின்றார்கள் என்பதற்காக.

தூரத்துக்குப் போக வேண்டாம். 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த மாதங்களை மறந்துவிட்டோமா? ஹசலக்கவில் ஒரு பெண் உடுத்த உடுப்பில் இருந்த கப்பல் சுக்கானைத் தர்மச் சக்கரம் என்று சொல்லிக் கைது செய்தார்கள். எத்தனையோ வீடுகளில் குர்ஆன் தர்ஜமாவையும் அரபுக் கிதாபுகளையும் ஒளித்து வைத்தார்கள். அந்த நாட்களில் ஒரு சட்டத்தரணியைத் தேடி நாங்கள் எப்படி அலைந்தோம்! கைதான பிள்ளையின் வாப்பா பொலிஸ் வாசலில் நின்றுகொண்டு, "இவர் எந்த இடத்தில் படித்தவர், அங்கே எத்தனை வீதம் பாஸ்?" என்று கேட்டாரா? "வருவாரா? பயப்படாமல் பேசுவாரா? எங்கள் மொழி விளங்குமா?" என்றுதான் கேட்டார்.

அதுதான் ஒரு சட்டத்தரணிக்கான உண்மையான பரீட்சை. அதற்குப் பேனர் கிடையாது.

அன்றாடம் பாருங்கள். காணி உறுதியில் எல்லை பிழையாக எழுதப்பட்டு இரண்டு தலைமுறை சண்டை பிடிக்கும் குடும்பங்கள், பராமரிப்புப் பணம் கேட்டு அலையும் சகோதரிகள், வெளிநாட்டு ஏஜென்சியிடம் காசைக் கொடுத்து ஏமாந்தவர்கள். 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தைத் திருத்துவது பற்றி 2009இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் குழு போட்டார்கள். 2018இல்தான் அறிக்கை கையளிக்கப்பட்டது. மார்க்கமும் சட்டமும் இரண்டும் தெரிந்து, எங்கள் பெண்களின் கஷ்டத்தையும் அறிந்து, அதை ஊருக்கு விளங்கும் மொழியில் சொல்லத் தெரிந்த சட்டத்தரணிகள் எத்தனை பேர் எங்களிடம் இருக்கிறார்கள்? பரீட்சைத் தொழிற்சாலைகளிலிருந்து அப்படிப்பட்டவர்கள் வர மாட்டார்கள்.

இப்போது எதிர்க்கேள்விகளுக்கு வருகிறேன். கொமன்டில் எப்படியும் வரும்.

"சேர், பாஸ் பண்ணாவிட்டால் மற்றதெல்லாம் எதற்கு?" சரியான கேள்வி. பாஸ் பண்ணத்தான் வேண்டும். பரீட்சை வாசல், வாசலைத் தாண்டாதவர் வீட்டுக்குள் வர முடியாது. யாரும் பாஸ் பண்ணாத இடத்துக்குப் பிள்ளையை அனுப்புங்கள் என்று நான் சொல்லவில்லை. எண்ணைப் பார்க்க வேண்டாம் என்றும் சொல்லவில்லை. முழு எண்ணையும் பாருங்கள் என்கிறேன்.

"அரச பல்கலைக்கழகம் கிடைக்காத பிள்ளைக்கு இந்த நிறுவனங்கள்தானே வழி?" அதுவும் உண்மை. இஸட் புள்ளி ஒரு துளி குறைந்ததால் கதவு மூடப்பட்ட கெட்டிக்காரப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு உண்மையாகவே வழிகாட்டிய இடங்களும் இருக்கின்றன. அப்படிப்பட்ட நல்ல நிறுவனத்துக்கு என் கேள்விகளால் நட்டமில்லை. நேர்மையாகக் கணக்குச் சொல்பவருக்கு, பொய்க் கணக்குக் காட்டுபவர் ஒதுங்கினால் இலாபம்தான்.

"பெண் பிள்ளை, பக்கத்தில் இருக்கும் இடம் போதும்." தூரம், விடுதி, பாதுகாப்பு எல்லாம் நியாயமான காரணங்கள். ஆனால் ஆண் பிள்ளைக்கு ஆயிரம் கேள்வி கேட்டு இடம் தேடும் வாப்பா, மகள் என்றதும் "மாப்பிள்ளை வரும் வரைக்கும் படிக்கட்டும்" என்று கிடைத்த இடத்தில் போட்டுவிட்டு வருவது நியாயமா? எங்கள் வகுப்பறைகளில் சட்டத்துக்குப் பொருத்தமான மூளைகளில் அதிகமானவை முக்காட்டுக்குள்தான் இருக்கின்றன. அவர்களுக்கும் அதே கேள்விகளைக் கேளுங்கள்.

சரி, எதைக் கேட்பது? எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஸ்க்ரீன்ஷொட் எடுத்தாலும் சரி.

1. மூன்று வருடத்துக்கு முன் பதிந்த தொகுதியில் எத்தனை பேர்? அவர்களில் இன்று எத்தனை பேர் படிப்பை முடித்தார்கள்? மற்றவர்கள் ஏன் போனார்கள்?

2. நீங்கள் சொல்லும் "பாஸ்" எந்தப் பரீட்சை? அனுமதிப் பரீட்சையா, பட்டப் பரீட்சையா, சட்டக் கல்லூரியின் இறுதிப் பரீட்சையா? எந்த வருடம்? எத்தனையாவது தடவை?

3. பேனரில் இருக்கும் பிள்ளைகள் முழுக் காலமும் உங்களிடம் படித்தவர்களா, கடைசி மூன்று மாத வகுப்புக்கு வந்தவர்களா?

4. இந்தப் பட்டத்தோடு சட்டக் கல்லூரிக்கு எந்த அடிப்படையில் விண்ணப்பிக்கலாம்? நீங்கள் சொல்வதை எழுத்தில் தருவீர்களா? அவர்கள் தந்தாலும் புதுக்கடைக்கு ஒரு தடவை போய்ச் சட்டக் கல்லூரி அலுவலகத்திலேயே கேளுங்கள். பஸ் காசு வீண்போகாது.

5. மொத்தச் செலவு எவ்வளவு? பதிவுக் கட்டணம், பரீட்சைக் கட்டணம், வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் பவுணிலோ டொலரிலோ கட்டும் பகுதி எல்லாம் சேர்த்து. 2022இல் டொலர் ஏறியபோது ரூபாய்க் கணக்கை நம்பி இருந்தவர்களுக்கு என்ன நடந்தது என்பதை மறக்க வேண்டாம்.

6. கற்பிப்பவர்கள் யார்? நீதிமன்றத்தில் தொழில் செய்பவர்களா? ஒழுங்காக வருவார்களா, அல்லது சூமில் பதிவு செய்த வகுப்பா? நூலகம் இருக்கிறதா? மாதிரி நீதிமன்றப் பயிற்சி இருக்கிறதா?

7. தமிழ் மொழிமூலம் வந்த பிள்ளைகளில் எத்தனை பேர் முடித்தார்கள்? அவர்களில் இரண்டு பேரோடு பேச முடியுமா? உங்கள் பேனரில் இல்லாத ஒரு பிள்ளையோடும் பேச முடியுமா?

இந்த ஏழாவது கேள்வியின் கடைசிப் பகுதிதான் முக்கியமானது. பாஸ் பண்ணிய பிள்ளை எந்த இடத்தையும் புகழ்வாள். நின்றுபோன பிள்ளையிடம் கேட்டால்தான் அந்த இடம் கஷ்டப்பட்ட பிள்ளையை எப்படி நடத்தியது என்று தெரியும்.

கடைசியாக மூன்று தரப்பினருக்கு.

நிறுவனம் நடத்தும் சகோதரர்களே, வியாபாரம் ஹலால்தான். ஆனால் அளவையிலும் நிறுவையிலும் குறை செய்யக் கூடாது என்று எங்கள் மார்க்கம் எவ்வளவு கடுமையாகச் சொல்லியிருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். அரிசி நிறுக்கும் தராசுக்கு மாத்திரம்தான் அது என்று நினைக்கிறீர்களா? உங்கள் பேனரில் பின்னால் ஒரு தராசு வரைந்திருக்கிறீர்கள். அதன் இரண்டு தட்டையும் காட்டுங்கள்.

பள்ளிவாசல் நிருவாகங்களே, நலன்புரிச் சங்கங்களே, இலவசக் கருத்தரங்கு என்று வரும் எல்லோருக்கும் ஜும்ஆவுக்குப் பிறகு மைக்கைக் கொடுத்துவிடாதீர்கள். பள்ளியில் வைத்துச் சொல்லப்பட்டால் எங்கள் மக்கள் அதை அமானிதமாக எடுத்துக்கொள்கிறார்கள். மைக்கைக் கொடுப்பதற்கு முன் மேலே உள்ள ஏழு கேள்விக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். தராதவருக்கு மைக் இல்லை என்று சொல்லுங்கள்.

எங்கள் ஊர்களின் சட்டத்தரணிகளே, நீங்கள்தான் உண்மை நிலவரம் தெரிந்தவர்கள். எந்த இடத்தில் படித்த ஜூனியர் பைலை வாசித்துவிட்டு வருகிறார், யார் வாசிக்காமல் வருகிறார் என்பது உங்களுக்குத் தெரியும். உயர்தரப் பெறுபேறு வந்த கிழமையில் ஒரு பின்னேரம் ஒதுக்குங்கள். பாடசாலை மண்டபத்தைத் திறந்து தருவது எங்கள் பொறுப்பு. எந்த நிறுவனத்தின் பெயரையும் சொல்லத் தேவையில்லை. பாதைகளை மட்டும் சொல்லிக் கொடுங்கள். உங்களின் அந்த இரண்டு மணித்தியாலம் ஒரு குடும்பத்தின் நகையை அடகுக் கடைக்குப் போகாமல் காப்பாற்றக் கூடும்.

பெற்றோரே, பதிவுத் திகதி நாளையோடு முடிகிறது, இன்றே கட்டினால் இருபது வீதக் கழிவு என்று அவசரப்படுத்துவார்கள். அவசரப்பட வேண்டாம். பிள்ளையின் நாலைந்து வருடம் கழிவு விலையில் வாங்கும் பொருள் அல்ல. கேள்விகளைக் கேளுங்கள், பதிலை எழுதி வாங்குங்கள், இரண்டு மூன்று இடத்து விடைகளை ஒப்பிடுங்கள், பிள்ளையிடமும் கேளுங்கள், இஸ்திகாரா செய்யுங்கள், பிறகு கட்டுங்கள்.

அல்லாஹ் எங்கள் பிள்ளைகளுக்குப் பிரயோசனமான கல்வியையும், அநியாயத்துக்கு எதிராக எழும்பி நிற்கும் துணிவையும் தருவானாக.

உயர்தரம் எழுதிய பிள்ளை இருக்கும் வீட்டுக்கு இதை அனுப்பிவிடுங்கள். ஏழு கேள்விக்கும் ஒழுங்காகப் பதில் தந்த இடம் எதுவும் உங்களுக்குத் தெரிந்தால் கொமன்டில் எழுதுங்கள். நல்ல இடத்தைப் பத்துப் பேருக்குச் சொல்வதும் நன்மைதான்.

வஸ்ஸலாம்.